பாசல் நகரில் நெல் குத்தினேன்

எங்கள் வீட்டில் ஐரோப்பாவுக்கு அழைப்பு வந்தது மாட்டுக்குத்தான். சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டில் எங்கள் பட்டியில் நின்ற வெள்ளச்சியையும் அவள் கன்றையும் இரண்டு வெள்ளைக் காளைகளையும் ஒரு துரை வாங்கினார். புலி, கரடி, கொக்கு என்று எதையும் வாங்கிக் கப்பலேற்றுகிறவர் அவர். ஜெர்மனியில் ஹாம்பர்க் என்ற துறைமுகத்தில் உருப்படிகளை ஒப்படைக்க வேண்டும். காளைகளைப் பற்றிக் கவலையில்லை. வெள்ளச்சிதான் சிக்கல். என் கை பட்டால்தான் அவள் பால் விடுவாள். வேறு யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் உதைதான். ஐந்து வாரம் கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும் என்று என் வீட்டுக்காரர் சொல்ல, துரை தாடியைத் தடவிக்கொண்டு, அப்படியானால் பெண்டாட்டியும் வரட்டும் என்றார். ஒரு பசுவின் பிடிவாதத்தால் நான் உலகம் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் பெயரை இதில் எழுதப்போவதில்லை. வாயால் சொல்லாத பெயரைக் கையால் மட்டும் எழுதலாமா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. மாட்டுத் தரகர், நல்ல உயரம், துணிமணியில் அபாரக் கவனம். சாணத்துக்கு நடுவில் நின்றாலும் வேட்டியில் ஒரு பொட்டுக் கறை இருக்காது. இனி "இவர்" என்றே எழுதிக்கொண்டு போகிறேன்.

திரும்பி வரும் கப்பல் இத்தாலியில் ஜெனோவா துறைமுகத்திலிருந்து புறப்படும். அதற்கு இரண்டு பேருக்கும் சீட்டு முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டார் துரை. ஹாம்பர்க்கிலிருந்து ஜெனோவா வரை ரயிலில் போவதும், நடுவில் பன்னிரண்டு நாள் சாப்பிடுவதும், படுப்பதும் எங்கள் சொந்தப் பாடு. அந்தக் கப்பலை விட்டால் ஊர் திரும்ப எங்களுக்கு வேறு வழி கிடையாது. இதை இவர் நாளைக்கு மூன்று வேளையும் மருந்து மாதிரி சொன்னார்.

ஹாம்பர்க்கில் இறங்கிய அன்றைக்கு மழை. எங்கள் ஊர் மழை கொட்டித் தீர்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடும். இந்த மழை காலையில் வந்து உட்கார்ந்தால் எழுந்து போவதில்லை. மாடுகளை வாங்கிக்கொண்ட இடத்தில் ஒரு தடித்த அம்மாள் பால் கறக்க வந்தாள். வெள்ளச்சி வாலைச் சுழற்றினாள். நான் மூட்டையிலிருந்து என் பழைய சேலை ஒன்றை எடுத்து அந்த அம்மாளின் இடுப்பில் சுற்றிவிட்டு உட்காரச் சொன்னேன். வெள்ளச்சி முகர்ந்து பார்த்தாள். சேலை நான்தான் என்று நினைத்துப் பால் விட்டுவிட்டாள். அவள் ஏமாந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. இவர் காளைகளின் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

பழைய துணிக்கடையில் எனக்குக் கணுக்கால் வரை தொங்கும் ஒரு கம்பளிக் கோட்டும் பூட்சும் வாங்கினோம். இவருக்குக் கறுப்புக் கோட்டு, தொப்பி. கோட்டின் முழங்கை தேய்ந்திருந்ததை நான் தைத்துக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு கடைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். "சிவகாமி, நாம ஊர் பார்க்க வந்தவங்க. அப்படித்தான் நடந்துக்கணும்," என்றார். மறுநாள் சந்தையில் ஆப்பிள் வாங்கும்போது என் வாய் தானாக மலாய்க்குப் போய்விட்டது. எங்கள் தேக்கா வட்டாரத்தில் தமிழ் தெரியாதவர் யாராக இருந்தாலும் மலாய்தானே பேசுவோம். "பெராப்பா?" என்று விலை கேட்டு, "மஹால் லா," என்று விலை அதிகமென முகத்தைச் சுளித்தேன். கடைக்காரி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இரண்டு பழம் கூடப் போட்டாள். முகச்சுளிப்புக்கு மொழி தேவையில்லை என்று தெரிந்துகொண்டேன்.

ரயிலுக்கு வருகிறேன். எங்கள் ஊரில் தேங்க் ரோட்டு ஸ்டேஷனில் வண்டியேறினால் மடியிலிருக்கும் கடலையைக் கொறித்து முடிப்பதற்குள் உட்லண்ட்ஸ் வந்துவிடும். அங்கே கடல் குறுக்கே நிற்கும், தண்டவாளம் தீர்ந்துபோகும். இங்கே தண்டவாளத்துக்கு முடிவே இல்லை. நாள் முழுக்கப் போய், இறங்கித் தூங்கி எழுந்து, மறுநாளும் போகலாம். இவர் மூன்றாம் வகுப்பென்று முடிவு செய்திருந்தார். நான் விசாரித்ததில் நாலாம் வகுப்பு என்று ஒன்று இருந்தது. சுவரோரமாகச் சில பலகைகள், நடுவில் வெற்றிடம். அங்கே கூடைகள், மூட்டைகள், வாத்துகள். பார்த்ததும் எனக்கு எங்கள் பட்டி நினைவு வந்து மனசு லேசாகிவிட்டது. இவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார். ஒரு வாத்து அந்தக் கோட்டின் பொத்தானை ருசி பார்த்தது.

எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். ஒளித்துப் பார்க்கும் வழக்கமெல்லாம் அங்கே இல்லை, நேராகத்தான் பார்ப்பார்கள். ஒரு சின்னப் பெண் கட்டைவிரலை நாக்கில் நனைத்து என் புறங்கையைத் தேய்த்து, நிறம் ஒட்டுகிறதா என்று விரலைத் திருப்பிப் பார்த்தாள். நான் சிரித்துவிட்டு அவள் கன்னத்தை அதேபோல் தேய்த்துப் பார்த்தேன். வண்டியே சிரித்தது. கப்பலில் வேலை பார்த்த ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னார், உங்கள் ஊரில் வெயில் அவ்வளவா என்று அந்தச் சின்னப் பெண்ணின் அம்மா கேட்கிறாள் என்று. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தை எடுத்துவிட்டு, வெயிலும் உண்டு, என் அப்பாவும் கறுப்பு என்றேன்.

இவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "நாம அவங்களைப் பார்க்க வந்தோமா, அவங்க நம்மளைப் பார்க்க வந்தாங்களா?" என்று காதோரம் முணுமுணுத்தார். பார்த்தால் தேய்ந்தா போய்விடுவோம் என்றேன். தொப்பியை இன்னும் இறக்கிவிட்டுக்கொண்டார்.

கொலோன் நகரில் இரண்டு நாள். அங்கே உள்ள தேவாலயத்தின் இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்ததில் எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. மலிவாக இடம் கொடுத்தது ஒரு விதவை அம்மாள். பேரேட்டைத் திறந்துவைத்து, புருஷன் பெயரென்ன என்று என்னைக் கேட்டாள். இவர் படியில் பெட்டியோடு ஏறிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்காமல் படியைக் காட்டினேன். அவள் மறுபடி கேட்டாள். நான் மறுபடி காட்டினேன். இவர் மேலே வந்து பெயர் சொன்ன பிறகு, அந்த அம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துக் கூடுதலாக ஒரு கிண்ணம் சூப் கொடுத்தாள். ஊமை என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. சூப்பிலும் உருளைக்கிழங்குதான்.

உருளைக்கிழங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எந்த இறைச்சி எதிலிருக்கிறது என்று தெரியாததால் நாங்கள் கிழங்கும் ரொட்டியும் பழமுமாகவே ஓட்டினோம். அவித்த கிழங்கு, வறுத்த கிழங்கு, மசித்த கிழங்கு, கிழங்கு போட்ட கிழங்கு. ஒன்பதாம் நாள் எனக்குக் கனவில் எங்கள் வீட்டுச் சோற்றுப்பானை வந்து மூடியைத் திறந்து ஆவி விட்டது.

பத்தாம் நாள் பாசல் வந்து சேர்ந்தோம். சுவிட்சர்லாந்தின் ஓரத்தில் இருக்கும் ஊர், நடுவே ரைன் ஆறு. அடுத்த நாள் மாலை ஆறேகால் வண்டி மலையைக் குடைந்துகொண்டு இத்தாலிக்குப் போகும். அதில் ஏறினால் கப்பலுக்குச் சரியாக இருக்கும். அதை விட்டால் கப்பலின் புகையைத்தான் பார்க்கலாம். புறப்படும் நாள் காலையிலேயே மூட்டைகளை ரயில் நிலையத்தில் போட்டுவிட்டு ஊர் சுற்றினோம். சிவப்புக் கல்லில் கட்டிய தேவாலயம் மேட்டில் நிற்கிறது, கீழே ஆறு. துடுப்பும் இல்லாமல் பாயும் இல்லாமல் ஒரு படகு அக்கரைக்குப் போகிறது. மேலே குறுக்காகக் கட்டிய கயிற்றில் அதைப் பிணைத்திருக்கிறார்கள், ஆற்றின் இழுப்பே தள்ளிக்கொண்டு போகிறது. சிங்கப்பூர் ஆற்றில் நாற்றத்துக்கு நடுவே மூச்சுமுட்டத் தொங்காங் படகு தள்ளுகிறவர்கள் இதைப் பார்க்கவேண்டும் என்றார் இவர். இரண்டு முறை ஏறி இறங்கினார்.

கரையேறி வரும்போதுதான் சுவரில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். பனையா தென்னையா என்று வரைந்தவருக்கே நிச்சயமில்லாத ஒரு மரம், அதன் கீழே மாட்டுவண்டி, சேலை கட்டிக் குடம் சுமக்கும் பெண். ஏதோ தோட்டத்தில் இந்தியக் கிராமம் என்று கண்காட்சி.

"என்னங்க, நம்ம ஆளுங்க. நம்ம ஆளுங்கன்னா சோறு இருக்கும்," என்றேன்.

"சோத்துக்காக டிக்கெட் எடுக்கணுமா?" என்றார். ஆனால் கால் அந்தப் பக்கம்தான் போயிற்று.

தோட்டத்துக்குள் குளம், பேண்டு வாசிக்கும் மண்டபம், அதைத் தாண்டி இடுப்புயர மரவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஏழெட்டு ஓலைக் குடிசைகள். ஒரு பெண் உலக்கையால் நெல் குத்துகிறாள், ஒருவர் முழவு தட்டுகிறார், இன்னொருவர் மாட்டுவண்டியில் வட்டம் சுற்றுகிறார். வேலிக்கு இந்தப் பக்கம் தொப்பி போட்ட கூட்டம் மூன்று வரிசையாக நின்று பார்க்கிறது. பொருட்காட்சி என்றால் பொருள்களை வைத்திருப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவர் முகம் இறுகிவிட்டது. "வா, போகலாம்," என்றார். திரும்பும் சமயம் வண்டி எங்கள் முன்னால் வந்தது. இவர் கண் மாட்டின் கழுத்துக்குப் போய்விட்டது.

நுகத்தடியைத் தப்பாகப் பூட்டியிருந்தார்கள். வலது மாட்டுக்குக் கழுத்தில் புண். இவருக்கு மற்றது எதையும் பொறுத்துக்கொள்ளத் தெரியும், இது தெரியாது. கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். தொப்பி, பூட்ஸ் எல்லாம் வந்தன. உள்பனியனும் மடித்துவிட்ட கால்சட்டையுமாக வேலியைத் தாண்டிவிட்டார். கூட்டம் கைதட்டியது.

வண்டியோட்டி கீழே குதித்து நின்றான். பெயர் மாரிமுத்து. "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நான் நாகப்பட்டணத்துல கடல்ல வல இழுக்கறவன். மாட்டுக்கும் எனக்கும் சம்பந்தமே கெடையாது. வண்டி ஓட்டுன்னு ஏத்திவிட்டுட்டாங்க," என்றான். இவர் திட்டிக்கொண்டே நுகத்தை மாற்றிப் பூட்டி, புண்ணுக்கு எண்ணெய் வாங்கித் தடவினார்.

நெல் குத்திக்கொண்டிருந்தவள் அவன் மனைவி செல்லம். என் சேலை கோட்டுக்கு அடியில் தெரிந்திருக்கும். உலக்கையை நிறுத்திவிட்டு, "யக்கா, சோறு இருக்கு, வர்றியளா?" என்றாள். ஊர் பேர் எதுவும் கேட்கவில்லை. எனக்கும் வேலி ஒரு பொருட்டாகப் படவில்லை.

குடிசைக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டோம். புளி தீர்ந்துபோய் எலுமிச்சை பிழிந்த ரசம். நாலு மாதமாகத் தேங்காய் கண்ணில் படாத துவையல். எங்கள் ஊர்க் கல்யாண விருந்து எதையும் இதோடு வைத்துப் பேச மாட்டேன். நாலு பேர் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து, நாங்கள் கையால் சாப்பிடுவதை எட்டிப் பார்த்தார்கள். இவர் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூன்றாம் முறை சோறு வாங்கினார்.

சாப்பிட்ட பிறகு மணி பார்த்துவிட்டு வருகிறேன் என்று இவர் பனியனோடும் வெறுங்காலோடும் தோட்டத்து வாசல் பக்கம் நடந்தார். வாசலில் நின்ற மீசைக்காரக் காவலாளி ஓடிவந்து தோளைப் பிடித்துத் திருப்பி, நெட்டித் தள்ளிக்கொண்டே வந்து வேலிக்குள் விட்டான். நான் டிக்கெட் வாங்கி வந்தவன் என்று இவர் கத்தினார். கோபத்தில் அதையும் மலாயில்தான் கத்தினார். பிறகு கோட்டையும் தொப்பியையும் பூட்சையும் மாட்டிக்கொண்டு அதே வாசலுக்கு அதே நடையில் போனார். அதே காவலாளி தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டான். திரும்பி வந்த இவருக்கு மூச்சு வாங்கியது.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. செல்லம் சிரிக்கவில்லை. என் கோட்டின் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளிய ஆறு இருக்குன்னு சொல்றாவ. நெசமாக்கா?"

நாலு மாதமாக அந்த ஊரில் இருக்கிறாள். மூடிய வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்களாம். வெளியே போகக்கூடாது. தெருவில் சும்மா பார்த்துவிட்டால் உள்ளே யார் காசு கொடுத்து வருவார்கள் என்பது முதலாளியின் கணக்கு. காவலாளி மணிக்கொரு தரம் விசில் ஊதித் தலையை எண்ணுவான். ஒன்று குறைந்தால் அன்றைக்கு எல்லோருக்கும் கூலி கிடையாது. இன்னும் இரண்டு வாரத்தில் கண்காட்சி முடிகிறது. மறுபடி மூடிய வண்டி, நேராகக் கப்பல்.

"எனக்கு ஒண்ணும் பெருசா வேணாம்க்கா. தெனம் ஒரு மணி அடிக்குது பாருங்க, காலைலயும் சாயங்காலமும். அது எங்கேருந்து அடிக்குதுன்னு மட்டும் ஒரு தடவ பார்த்துட்டாப் போதும். ஊருக்குப் போயி, எங்க போய் வந்தேன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

நான் இவரைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் என் பார்வைக்கெல்லாம் இவருக்கு அர்த்தம் தெரியும்.

"வேணாம் சிவகாமி."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லப்போறே. நாம உள்ளே, அவங்க வெளியே. ஆறேகாலுக்கு வண்டி. ஞாபகம் இருக்கா இல்லையா?"

"மணி ரெண்டுதான் ஆகுது. அஞ்சுக்கு வந்துடுவாங்க. அந்த ஆளுக்கு நம்ம எல்லார் மூஞ்சியும் ஒண்ணுதான். இப்பத்தானே பார்த்தீங்க?"

நியாயமாகச் சொன்னால், எனக்கும் அந்த ஊர் ஆண்கள் எல்லோருக்கும் ஒரே மீசைதான். இவர் வாசலைப் பார்த்தார். தோளைத் தடவிக்கொண்டார். அந்த மீசையை ஏமாற்றுவதென்றால் சரி என்றார்.

குடிசைக்குள் உடுப்பு மாற்றிக்கொண்டோம். மாரிமுத்து குள்ளம். கோட்டின் கை விரல்நுனி வரை வந்தது. செல்லத்துக்கு என் பூட்ஸ் பெரிது, துணி அடைத்துக் கட்டிவிட்டேன். தலையில் என் கம்பளித் துண்டு. டிராமுக்கும் படகுக்கும் சில்லறை கொடுத்து, சிவப்புத் தேவாலயத்துக்கு வழி சொன்னேன். "அஞ்சு மணிக்கு வந்துடணும் தங்கச்சி. எங்களுக்குக் கப்பல் இருக்கு." அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். கூட்டத்தோடு கூட்டமாக வாசலுக்குப் போனார்கள். காவலாளி தொப்பியைத் தொட்டான். அவன் பார்த்தது கோட்டைத்தான்.

அவர்கள் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். வண்டியில் ஏறப்போன இவர் நின்றார். மாரிமுத்துவின் வேட்டியோடு வெற்றுமார்பாக நின்றுகொண்டு நெஞ்சைத் தட்டினார். இன்னொரு தரம் தட்டினார்.

"சீட்டு," என்றார்.

ரயில் சீட்டும் கப்பல் சீட்டும் கோட்டின் உள்பையில் போய்க்கொண்டிருந்தன.

"போய்ப் பிடிங்க," என்றேன். இந்தக் கோலத்தில் வாசலைத் தாண்ட விடுவானா என்றார். அதுவும் சரிதான். "வந்துடுவாங்க," என்றேன். யாருக்குச் சொன்னேனோ தெரியவில்லை.

உலக்கையை எடுத்தேன். உரலில் பார்த்தால் நெல் எப்போதோ தவிடாகியிருந்தது. அந்த ஒரு படியைத்தான் செல்லம் நாலு மாதமாகக் குத்துகிறாள். நான் உலக்கை பிடித்து எத்தனையோ வருஷம். தேக்காவில் ரங்கூன் அரிசி மூட்டையில் வரும், அளந்து வாங்கி வடிக்க வேண்டியதுதான். முதல் குத்தில் உரலின் விளிம்பில் இடித்தேன். வேலியோரம் நின்ற ஆங்கிலேயப் பெண்மணி தோழியிடம் சொன்னாள், எவ்வளவு இயல்பாகச் செய்கிறாள் பார், பிறந்ததிலிருந்து பழக்கம் என்று. எனக்கு ஆங்கிலம் புரியும் என்பது அவள் கணக்கில் இல்லை. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் இயல்பாகக் குத்தினேன்.

இவர் முதலில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வட்டம் சுற்றினார். மாடுகள் நல்ல மாடுகள். ஒழுங்காகப் பூட்டியதில் சந்தோஷமாக இருந்தன. மூன்றாவது சுற்றில் நாக்கைச் சொடுக்கினார், ஓட்டம் பிடித்தன. ஆறாவது சுற்றில் எழுந்து நின்று ஓட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் எங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

மூன்று மணிக்கும் நாலு மணிக்கும் காவலாளி விசில் ஊதினான். விரலை நீட்டி ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினான். எண்ணிக்கை சரியாக இருந்தது. நாலு மணிக்குச் செல்லம் சொன்ன அந்த மணி கணீரென்று அடித்தது.

நாலரை இருக்கும். ஒரு பெரிய மனிதர், கையில் தடி, பக்கத்தில் மனைவி. பையிலிருந்து ரொட்டியைப் பிய்த்து, குறி பார்த்து என் மடியில் எறிந்தார். கெட்ட எண்ணம் எதுவுமில்லை. குளத்து வாத்துக்குப் போட்ட ரொட்டியில் மீதி. நான் எடுத்துச் சாப்பிடுகிறேனா என்று இரண்டு பேரும் ஆவலாகக் காத்திருந்தார்கள். அதுவரை எனக்கு எல்லாமே வேடிக்கையாக இருந்தது. அதற்குப் பிறகு இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, கோபத்தில். இவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, அந்த ரொட்டியை எடுத்து மாட்டுக்குக் கொடுத்தார். அதற்குக் கூட்டம் கைதட்டியது.

ஐந்து மணி ஆயிற்று. அவர்கள் வரவில்லை. காவலாளி எண்ணிவிட்டுப் போனான். கால் மணி போயிற்று. "எவனையோ நம்பி," என்று இவர் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். வழி தவறியிருக்கலாம், டிராம் மாறி ஏறியிருக்கலாம் என்றெல்லாம் நான் சொல்லிப் பார்த்தேன். அரை மணி ஆயிற்று. ரயில் நிலையம் கால் மணி நடை. அப்படியே போய்விட்டார்களோ என்று எனக்கே தோன்றியது. போனால்தான் என்ன தப்பு என்றும் தோன்றியது. அப்புறம் கப்பல் ஞாபகம் வந்து, இரண்டு வாரம் இங்கே இந்தத் தவிட்டைக் குத்திக்கொண்டிருக்கும் என்னைக் கற்பனை செய்து பார்த்தேன். கை வேர்த்து உலக்கை வழுக்கியது.

ஐந்தே முக்காலுக்குச் சற்று முன்னால் வேலியோரக் கூட்டத்தில் ஒரு கறுப்புக் கோட்டு. முழங்கையில் என் தையல். பக்கத்தில் என் கம்பளித் துண்டுக்குள் செல்லத்தின் முகம். எனக்கு உயிர் வந்தது. கையை உயர்த்தப் போனேன். அவள் லேசாகத் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

இரண்டு கையையும் வேலிமேல் வைத்துக்கொண்டு பார்த்தாள். குடிசையைப் பார்த்தாள். காயப்போட்டிருந்த தன் சேலையைப் பார்த்தாள். முழவுக்காரரை, வண்டியை, கடைசியில் என்னை. மாரிமுத்து முதலில் இவர் வண்டியில் இருப்பதைக் காட்டிச் சிரித்தான், பிறகு அவனும் சிரிக்கவில்லை. அவள் இன்னும் பார்க்கவேண்டும் என்று எனக்குப் புரிந்தது. வண்டிக்கு நேரமாகிறது என்றும் தெரியும். உலக்கையைத் தூக்கிக் குத்தினேன். ஏழெட்டு முறை குத்தியிருப்பேன்.

பிறகு குடிசைக்குப் பின்னால் வந்தார்கள். அவசரமாக உடுப்பை மாற்றிக்கொண்டோம். இவர் முதலில் கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தார். சீட்டுகள் இருந்தன.

"பார்த்தியா?" என்றேன், பூட்ஸ் கயிற்றை இழுத்துக்கொண்டே.

"பார்த்தேன்க்கா. ஆத்துல அந்தப் படகுல போனோம். செவப்புக் கோயில்ல மணிக்குக் கீழயே நின்னேன், அடிக்கறப்ப கல்லுகூட அதிருது." மூச்சு விடாமல் சொன்னாள். "அஞ்சு மணிக்கே வாசலுக்கு வந்துட்டோம். உள்ள வர டிக்கெட்டுக்குக் காசு பத்தல. இவுக அங்கன ஒரு வீட்டுல மூட்டை எறக்கிக் குடுத்துச் சம்பாரிச்சு டிக்கெட் எடுத்தாவ. அதான் நேரமாயிட்டுது." உள்ளங்கையில் கசங்கிய டிக்கெட்டை எனக்குக் காட்டினாள். "நம்மளத்தான் இம்புட்டுப் பேர் பாக்கறாவளே, என்னதான் இருக்குன்னு நானும் நின்னு பார்த்தேன். ஒண்ணுமே இல்லியேக்கா. ஒரு பொம்பள நெல்லு குத்துறா, அவ்வளவுதான்."

வெளியே போய் உலக்கையை எடுத்துக்கொண்டாள்.

நிலையத்தில் போட்டிருந்த மூட்டைகளை வாரிக்கொண்டு ரயிலைப் பிடித்துவிட்டோம். விசில் ஊதி, வண்டி நகர்ந்து, கடைசிப் பெட்டியின் படியில் இவர் ஏறி என்னை இழுத்துப் போட்டார். இன்னும் அரை நிமிஷம் தாமதித்திருந்தால் இதை நான் சிராங்கூன் ரோட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். உண்மையில் அவ்வளவு நெருக்கடி வந்திருக்க வேண்டியதில்லை. தோட்டத்து வாசலுக்குக் குறுக்கு வழி வேலியோரமாகத்தான், செல்லத்தின் குடிசைக்கு நேர் எதிரே, அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து போகவேண்டும். நான் அந்தப் பக்கம்தான் ஓடினேன். இவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். வேலியோரம் நின்று செல்லத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தொப்பிக் கூட்டத்தைக் கண்ணால் காட்டினார். நான் திரும்பிக்கொண்டேன். பேண்டு மண்டபத்தையும் குளத்தையும் சுற்றிக்கொண்டு, மூச்சிரைக்க, நீண்ட வழியாகவே ஓடினோம்.